மருந்து வைத்தவள்

என் அக்கா புருஷன் எடுத்த வாந்தியை அவருடைய அம்மா ஒரு வாழையிலைத் துண்டில் ஏந்திக்கொண்டு பொதட்டூர்பேட்டைத் தெரு முழுக்கக் காட்டினாள். நானும் பார்த்தேன். பச்சைச் சாற்றுக்கு நடுவில் புளி உருண்டை மாதிரி ஒரு கட்டி, அதைச் சுற்றி நாலைந்து முடி. தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்க வந்த ஒவ்வொருத்தரிடமும் அவள் சொன்னாள்: "பாரு, என் மருமவ வெச்ச மருந்து. எம்புள்ள ஊட்ட உட்டு நகரக்கூடாதுன்னு சோத்துல கலந்து குட்த்துகீறா." அக்கா அப்போது பின்கட்டில் அவருடைய துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

எங்கள் பக்கத்தில் நோய்க்குக் கொடுப்பதும் மருந்து, ஆளை மயக்கவோ கெடுக்கவோ சோற்றில் கலப்பதும் மருந்து. முதலாவதைச் சாப்பிடுவார்கள், இரண்டாவதை வைப்பார்கள். ஒருத்தன் காரணம் தெரியாமல் இளைத்துக்கொண்டே போனால் "மருந்து வெச்சிட்டாங்க" என்று சொல்லிவிடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். திருத்தணி யாருக்கு என்று அவ்வளவு சண்டை போட்டார்களே, இந்த முட்டாள்தனத்தில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒரு தகராறும் வந்ததில்லை. வைத்த மருந்தை எடுப்பதற்கென்று பள்ளிப்பட்டு தாண்டி ஆந்திராவுக்குள் ஒரு ஆள் இருந்தார். ஏதோ தழைச் சாற்றைக் குடிக்க வைப்பார், வயிற்றை நீவுவார், வாந்தி வரும், வாந்தியில் கட்டி வரும். எல்லோருக்கும் எப்படி ஒரே மாதிரி கட்டி வருகிறது என்று நான் கேட்டதற்கு என் வாயில் அடி போட்டவள் என் அம்மா.

பாவா, அதுதான் அக்கா புருஷன், லுங்கி வியாபாரி. பொதட்டூர்பேட்டையில் நெய்த லுங்கிகளை மூட்டை கட்டிக்கொண்டு நெல்லூர், குண்டூர் என்று சுற்றுவார். மாதத்தில் பாதி நாள் லாட்ஜ் சாப்பாடு, லாட்ஜ் தூக்கம். கல்யாணமாகி ஐந்தாறு வருஷத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார். அந்த வருஷங்களில் எங்கள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு மண்டையோடு வரைந்து, எய்ட்ஸ் உயிர்க்கொல்லி, அதற்கு மருந்தே கிடையாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழேதான் எல்லோரும் ஒன்றுக்குப் போவார்கள். பாவாவை மெட்ராசுக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். என்ன என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. வந்த மறுநாளிலிருந்து அவருடைய தட்டு தனி, டம்ளர் தனி. அவருடைய துணியை மாமியார் தொடமாட்டாள், அக்கா மட்டும்தான் துவைக்கலாம். சோற்றில் வைத்த மருந்து அடுத்தவருக்கு ஒட்டிக்கொள்ளுமா? அந்தக் கிழவிக்கு விஷயம் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாழையிலையை ஏந்திக்கொண்டு தெருவுக்கு வந்தாள். மகன் பெயர் கெடாமலிருக்க மருமகள் பெயரைக் கெடுத்தாள். ஒரு வார்த்தை அக்காவிடம் சொல்லியிருந்தால் அக்கா தன் ரத்தத்தையும் அப்போதே பார்த்திருப்பாள். அந்தக் கிழவி செத்து இத்தனை வருஷமாகியும் என்னால் அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட முடியவில்லை.

பாவா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவை அனுப்பிவிட்டார்கள். பிள்ளை இல்லை, அனுப்புவது சுலபம். திருத்தணியில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் தையல் கடை வைத்திருந்தேன். ரவிக்கைதான் என் தொழில். அக்கா கடைக்கு வந்து கொக்கி தைப்பாள், ஹெம்மிங் போடுவாள். முருகன் மலைக்கு வரும் பொதட்டூர்பேட்டை ஜனங்கள் கடையைத் தாண்டும்போது அவளைப் பார்த்துவிட்டுக் குசுகுசுப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று அம்மா சொல்வாள். எனக்கு உலையையே அவர்கள் தலையில் கவிழ்க்கலாம் போலிருக்கும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் கழித்து அக்கா இளைக்க ஆரம்பித்தாள். அவளுடைய ரவிக்கைகளை நான்தான் உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். முதலில் பக்கத்தில் பிடித்தேன், அப்புறம் தோளில் பிடித்தேன், அப்புறம் பிடிக்க இடமே இல்லாமல் புதிதாகவே வெட்டித் தைத்தேன். வாய்க்குள் வெள்ளையாகப் படை படிந்து சோறு இறங்கவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலை ரயிலில் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவைச் சொல்வதற்கு ஒரு தனி அறையில் எங்களை உட்கார வைத்தாள் ஒரு அம்மாள். அதையெல்லாம் விளக்கிச் சொல்வதுதான் அவளுக்கு வேலை.

"எச்.ஐ.வி. வேற, எய்ட்ஸ் வேறம்மா" என்றாள் அவள். "எச்.ஐ.வி.ங்கறது கிருமி. அது உடம்புல இருக்கற எதிர்ப்புச் சக்தியக் கொஞ்சம் கொஞ்சமா தின்னும். ரொம்பத் தின்னப்புறம் வர்ற நிலைமைக்குத்தான் எய்ட்ஸ்னு பேரு. கிருமிய அடியோட எடுக்கறதுக்கு மருந்து கிடையாது. ஆனா அத அடக்கி வைக்க மாத்திரை இருக்கு. இப்ப இங்க இலவசமாவே குடுக்கறோம். ஆயுசு பூரா சாப்பிடணும், காலை, சாயந்திரம், வேளை தப்பக் கூடாது. நடுவுல விட்டா கிருமிக்கு மாத்திரை பழகிப்போயிடும். அப்புறம் அதே மாத்திரை கேக்காது."

ஒரே டம்ளரில் குடித்தால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது, பக்கத்தில் படுத்தால் ஒட்டாது என்றும் சொன்னாள். எனக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மருந்தே இல்லை என்று சுவரெல்லாம் எழுதினார்களே, மருந்து வந்ததும் அதே சுவரில் ஏன் எழுதவில்லை என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். பாவம், சுவருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. ரயிலில் அரக்கோணம் தாண்டியதும்தான் அக்கா வாயைத் திறந்தாள்: "அம்மாவாண்ட சொல்லாத. ரத்தம் கம்மியா கீதுன்னு சொல்லு."

அப்படியே சொன்னோம். அக்கா மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் குமட்டும், வாந்தி வரும், பயப்படவேண்டாம், சில வாரத்தில் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எங்களிடம் சொன்னார்கள், என் அம்மாவிடம் யார் சொன்னார்கள்? ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. காவடி எடுப்பவர்களுக்குத் தைக்கவேண்டிய மஞ்சள் துணி கடைக்குள் மலைபோலக் குவிந்து கிடந்தது, நான் கடையே கதியென்று இருந்தேன். வீட்டில் அக்கா வாந்தியெடுப்பதை அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள். "வெளிய வருதுடி, வெளிய வருது" என்றாளாம். சம்பந்தி வீட்டுக்காரி பழிக்குப் பழியாக அக்காவுக்கு மருந்து வைத்தே அனுப்பியிருக்கிறாள் என்று அவளுக்கு ரொம்ப நாளாகவே ஒரு நினைப்பாம். இப்போது அது தானாக வெளியே வருகிறது, மிச்சத்தையும் எடுத்துவிட்டால் மகள் பிழைத்துக்கொள்வாள் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அக்காவைப் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். அதே ஆள். அதே சாறு. அதே கட்டி.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா சுவரோரம் சுருண்டு கிடந்தாள். முந்தானையெல்லாம் பச்சைக் கறை. அம்மா முகத்தில் மகளுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தவள்போல ஒரு பெருமை.

"எல்லாம் வந்துட்ச்சி. ஒரு மண்டலம் உப்பு இல்லாத பத்தியம். இங்கிலீஷ் மருந்து தொடவே கூடாதுன்னுட்டாரு. மருந்து எடுத்த வவுத்துல வேற மருந்து போனா வெசமாயிடுமாம்" என்றாள்.

நான் அன்றைக்குப் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியைக் குறைத்தார்கள். அம்மாவை என்னவெல்லாமோ சொன்னேன். அந்தக் கிழவி அவள் மகனைக் கொன்றாள், நீ உன் மகளைக் கொல்லப் பார்க்கிறாய், இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அம்மா அழுதுகொண்டே கடைக்குப் பால் வாங்கப் போய்விட்டாள். நான் மாத்திரை டப்பாவை எடுத்து அக்காவுக்கு முன்னால் வைத்தேன். அவள் அதைத் தள்ளினாள்.

"நான்தான் போலாம்னு சொன்னேன். அம்மா மேல எரிஞ்சி உயாத" என்றாள்.

"ஒனக்கு இன்னா பைத்தியமா? அவ்ளோ தூரம் வெளக்கிச் சொன்னாங்களே, காதுல வாங்கினியா இல்லியா?"

"வாங்கிகினேன்டி. எனக்கு இன்னா வந்துகீதுன்னு எனக்குத் தெரியும். ஆனா யாரோ மருந்து வெச்சிட்டாங்கன்னா நான் பாவம். இந்த நோவுன்னு தெரிஞ்சா நான் கெட்டுப்போனவ. புருஷன் குட்த்துட்டுப் போனதுன்னு நான் எத்தினி பேரு வாய அடைக்க முடியும்? பாவம்னு சொல்லி நாலு பேரு தூக்கினு போனா போதும் எனக்கு."

எனக்கு அழுகை வரவில்லை. அறையலாம் போலிருந்தது. இந்த ஊர் என் அக்காவை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பாருங்கள். வைத்த மருந்தால் செத்தால் கௌரவம், சாப்பிட்ட மருந்தால் பிழைத்தால் கேவலம். நல்லதாக நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல அப்போது எனக்கு வரவில்லை. எனக்கு வந்தது விஷம்தான்.

"செத்துப் போ. நீ செத்தன்னு கேட்டதும் பொதட்டூர்பேட்டையில அந்தக் கெய்வி இன்னா சொல்லுவா தெரியுமா? எம்புள்ளைக்கு மருந்து வெச்சவ மருந்தாலயே பூட்டா, சாமி கேட்டுச்சின்னு சொல்லுவா. கற்பூரம் கொளுத்துவா. அவ சந்தோசமா கற்பூரம் கொளுத்தட்டும்னு நீ செத்துப் போ."

அக்கா என்னை வெறித்துப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பச்சை வாயோடு சிரித்தாள். "ஆமாண்டி, கொளுத்துவா" என்றாள். மறுநாள் நான் சொல்லாமலேயே தலைவாரிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பி நின்றாள். நாட்டில் எத்தனையோ பேரைப் பக்தி பிழைக்க வைத்திருக்கும், அன்பு பிழைக்க வைத்திருக்கும். என் அக்காவை எழுப்பி உட்கார வைத்தது மாமியார்மேல் இருந்த வயிற்றெரிச்சல். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாள் திட்டினாள். அதோடு, ஒரு வேளை இரண்டு வேளையோடு போயிற்று, இனிமேல் விடாதே என்று சொல்லி அனுப்பினாள். குமட்டல் தானாக நின்றது. வாய்ப்படை போயிற்று. சோறு இறங்கியது. பிடித்த ரவிக்கைகளை நான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். ஒரு வருஷத்தில் அக்காவுக்குக் கன்னம் வைத்தது.

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அங்கேதான் ஆரம்பித்தது. மாத்திரையெல்லாம் ரத்தத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த அம்மா, பள்ளிப்பட்டு தாண்டி இருக்கிற மகராசன் கைவைத்ததும் மகள் எழுந்துவிட்டாள் என்று தெருவெல்லாம் சொன்னாள். தெரு நம்பியது. அக்காவும் வாயை மூடிக்கொண்டிருந்தாள், பாவம் என்கிற பெயர் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எதிர் வரிசையில் ஒரு பெண் இருந்தாள். அவள் புருஷன் மலையடிவாரத்தில் தேங்காய், பழக் கடை போட்டிருந்தவன். அவன் இளைத்துக் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஒருநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த ஆளிடம் போக எந்த பஸ், என்ன கிழமை என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா பூரித்துப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றதை நான் பார்த்தேன். அன்று விளக்கு வைப்பதற்குள் என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனாள்.

"என்ன எழுப்பினது அந்த ஆளு இல்லம்மா. எனக்கு எச்.ஐ.வி. கீது. எங்க வீட்டுக்காரரு மூலமா வந்தது. மாத்திர சாப்ட்டுகினு கீறேன். ஒங்க ஊட்டுக்காரருக்கு இன்னான்னு எனக்குத் தெரியாது, ஆனா ரத்தத்த ஒருதரம் பாத்துடுங்க" என்றாள் அக்கா, மூச்சு விடாமல்.

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை. "எம்புருஷன அந்த மாரி ஆளுன்னு நெனச்சிகினியா? வெளிய போ" என்றாள். அக்கா குடித்துவிட்டு வைத்த தண்ணீர் டம்ளர் எங்களுக்குப் பின்னால் தெருவில் வந்து விழுந்தது.

அடுத்தமுறை மாத்திரை வாங்கக் காலை ரயிலுக்கு நாங்கள் நின்றபோது, பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் அவளும் அவள் புருஷனும் நின்றார்கள். அவன் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடியிருந்தான். அவள் எங்களைப் பார்த்தாள், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். அவன் தேறினான். மாதாமாதம் ஒரே ரயிலில் போனோம், ஒரே ரயிலில் வந்தோம், ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் அவளும் பள்ளிப்பட்டுக் கதையையே சொல்லிக்கொண்டாள். ஆக, அந்த ஆள் கணக்கில் பிழைத்தவர் இரண்டு பேர். எனக்கு எரிந்தது. அக்கா, "போவுது உடு, ஆளு உசுரோட கீறாரு இல்ல" என்று விட்டுவிட்டாள்.

அப்புறம் ஒரு நாள் அதே பெண், எங்கள் பகையையெல்லாம் மறந்துவிட்டதுபோல, தீபாவளி ரவிக்கை தைக்க என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். திருத்தணியில் கைராசியாகத் தைக்கிறவள் நான் ஒருத்திதானே. அதே நேரத்தில் வெளியூர் அம்மா ஒருத்தி, கழுத்தில் தாலிச்சரடு மஞ்சள் மாறாத மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மகளுடைய ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தரவேண்டுமாம். அளவெடுக்கக் கிட்டே போனேன். அந்தப் பெண் வாயைத் திறந்து பேசியபோது உள்ளே வெள்ளைப் படை தெரிந்தது. மாமியார் வீட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று தாய்க்காரி புலம்பினாள். நான் ஏதாவது சொல்வதற்குள் எதிர் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

"பள்ளிப்பட்டு தாண்டி ஒருத்தர் கீறாரும்மா. எங்க ஊட்டுக்காரரயே அவருதான் எழுப்பினாரு."

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது, கடவுள் காப்பாற்றினார். மூலையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். எதிர் வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னைப் பற்றி மட்டும் சொன்னாள்: தனக்கு என்ன நோய், எப்படி வந்தது, எங்கே ரத்தம் பார்ப்பது, எங்கே மாத்திரை கிடைக்கும். கடையில் இன்னும் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். எல்லோர் கையும் மடியிலிருந்த துணியை இழுத்துக்கொண்டது.

எதிர் வீட்டுக்காரி அந்தத் தாயின் கையைப் பிடித்தாள். "இவ சொல்றத நம்பாதம்மா. கட்டின புருஷனுக்கே மருந்து வெச்சவ இவ. பொதட்டூர்பேட்டையில போயி கேளு" என்றாள்.

தாய்க்காரி அவள் முகத்தைப் பார்த்தாள், அக்கா முகத்தைப் பார்த்தாள். மகளை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். ரவிக்கைப் பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா பின்னாலேயே ஓடினாள், அவள் பின்னால் நான். பஸ் ஸ்டாண்டில் பள்ளிப்பட்டு பஸ் கிளம்பப்போவதுபோல் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளை அண்ணாந்து பார்த்து, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: "ஒங்கம்மாக்கு சொல்லல, ஒனக்கு சொல்றேன். இது கெட்டுப்போனதால வர்ற நோவு இல்ல. எனக்கும் இதான். மாத்திர கீது. நீ பொழப்ப. எறங்கி வா."

அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தாள். இறங்க எழுந்ததுபோல்கூட எனக்குத் தோன்றியது. தாய்க்காரி அவள் தோளை அழுத்தினாள், பஸ் கிளம்பிவிட்டது.

கடையில் பையைத் திறந்து பார்த்தோம். ஆறு ரவிக்கை இருந்தது. நான் எல்லாவற்றையும் கண்ணளவிலேயே பிடித்து வைத்தேன். யாரும் வாங்க வரவில்லை. எந்த ஊர் என்றுகூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.